காலை ஏழு மணிக்கு எழும்புங்கள்: ரொறன்ரோவில் பூங்காவும் நீச்சலும் பனிச்சறுக்கலும் உங்களுக்குக் கிடைக்கும் வழி

ஸ்காபரோவுக்கு நான் வந்த முதல் குளிர்காலத்தில், வேலைக்கு பஸ் பிடிக்கும் தரிப்புக்கு எதிரே ஒரு கட்டடம் இருந்தது. பெரிய கண்ணாடிச் சுவர், உள்ளே நீச்சல் தடாகம். வெளியே நான் இரண்டு சோடி காலுறை போட்டும் மூக்கு விறைத்துப்போய் நிற்பேன். உள்ளே வெறும் மேலோடு வயசாளிகள் ஆறுதலாக நீந்திக்கொண்டிருப்பார்கள். பணக்காரர்களின் கிளப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொழும்பில் அப்படித்தானே கண்டிருந்தேன். ஒன்றரை வருடம் கழித்துத்தான் எங்கள் அடுக்குமாடியில் மேலே இருந்த மாமி ஒருவர் சொன்னார்: "தம்பி, அது சிற்றியின்ரை. நீ கட்டுற வாடகைக்குள்ளேயே அதுக்கும் காசு போகுது."

மாமி சொன்னது சரி. வீட்டுக்காரர் கட்டும் சொத்துவரி வாடகையில்தான் ஏறுகிறது. அந்த வரியில் ஒரு பங்கில் ஓடுவதுதான் நகரசபையின் பூங்கா, பொழுதுபோக்குத் திணைக்களம். 1,500க்கு மேற்பட்ட பூங்காக்கள், கொமியூனிற்றி சென்ரர்கள், நீச்சல் தடாகங்கள், பனிச்சறுக்கல் தளங்கள், கோடை முகாம்கள், ஏன், ரொறன்ரோத் தீவுகளுக்குப் போகும் படகுகூட இவர்களுடையதுதான். இவ்வளவும் இருந்தும் ஒருவரும் வந்து உங்கள் கதவைத் தட்டிச் சொல்லமாட்டார்கள். திகதி தெரிந்தவருக்குக் கிடைக்கும், தெரியாதவர் கண்ணாடிக்கு வெளியே நிற்பார். புதிதாக வந்தவர் எதை எப்போது செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் நகரம் எது?

இது சில்லறைக் கேள்வி இல்லை. 1998இல் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ எல்லாவற்றையும் ரொறன்ரோவோடு சேர்த்து ஒரே நகரமாக்கிவிட்டார்கள். அதனால் ஸ்காபரோவின் மல்வேர்னில் இருப்பவரும் டவுன்ரவுனில் இருப்பவரும் ஒரே திணைக்களத்துக்குள் வருகிறார்கள். ஆனால் ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்து வடக்கே வீடு எடுத்தால் நீங்கள் மார்க்கம்காரர். ஏஜக்ஸ், பிரம்ரன், மிசிசாகா எல்லாம் தனித்தனி நகரங்கள். அவற்றுக்குத் தனித்தனிப் பூங்காத் திணைக்களமும் தனித்தனிப் பதிவும் உண்டு. வெளியூர்க்காரரும் ரொறன்ரோ வகுப்புகளில் சேரலாம். ஆனால் உள்ளூர்க்காரர் பதிந்த பிறகுதான் அவர்களுக்கு வாசல் திறக்கும், கட்டணமும் கூட.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதில் பயந்து ஒதுங்குகிறார்கள். அகதிக் கோரிக்கை முடியவில்லை, கையில் பிஆர் அட்டை (நிரந்தர வதிவிட அட்டை) இல்லை என்று தயங்கவேண்டாம். குடிவரவு நிலை என்னவென்று பாராமல் நகரசபைச் சேவைகளை எல்லாருக்கும் கொடுப்பது என்று 2013இல் ரொறன்ரோ நகரசபை முடிவெடுத்தது. உங்களிடம் கேட்பது நகரத்துக்குள் வசிக்கிறீர்களா என்பதைத்தான்.

நேரில் போய் மேசையில் கேளுங்கள்

இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் முதல் தடவை நடந்தே போங்கள். வீட்டுக்குக் கிட்ட இருக்கும் சென்ரருக்குள் நுழைந்தால் வாசலிலேயே ஒரு மேசை இருக்கும், அதற்குப் பின்னால் அநேகமாக ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை இருக்கும். ஸ்காபரோவில் சில இடங்களில் அந்தப் பிள்ளைக்குத் தமிழும் வரும். பதிவு இல்லாமல் உள்ளே போகக் கூடாதோ என்று தயங்கவேண்டாம், ஒருவரும் மறிக்கமாட்டார்கள்.

அங்கே மூன்று விஷயம் கேளுங்கள். இது இலவச நிலையமா? நகரத்தில் குறிப்பிட்ட சில சென்ரர்களில் வகுப்புகள் முழுக்க இலவசம், வருமானம் கேட்கமாட்டார்கள். உங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் தரிப்பு தள்ளி அப்படி ஒன்று இருக்கக்கூடும். அடுத்தது, டிரொப்-இன் நேர அட்டவணை. டிரொப்-இன் என்றால் பதிவு வேண்டாம், நேரத்துக்குப் போனால் சரி: நீச்சல், பாட்மின்ரன், கூடைப்பந்து, சறுக்கல். மூன்றாவது, அடுத்த பருவத்துக்குப் பதிவு எந்தத் திகதியில் தொடங்குகிறது. இந்த மூன்றாவதை எழுதி வாங்கிக்கொண்டு குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

ஆங்கிலம் தடக்கினால் 311க்கு அடியுங்கள். நகரசபையின் பொது இலக்கம் அதுதான். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் எடுத்துத் தருவார்கள். 180க்கு மேற்பட்ட மொழிகளுக்கு அந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரு நிமிடம் இசை கேட்டுக்கொண்டு பொறுத்திருக்கவேண்டி வரும், அவ்வளவுதான்.

காசு உதவியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

இலவச நிலையம் கிட்ட இல்லாவிட்டால், குறைந்த வருமானக்காரருக்கென்று வெல்கம் பொலிசி என்ற திட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டு இன்சூரன்ஸ் என்று நினைக்காதீர்கள். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் நகரசபை ஓராண்டுக்கு ஒரு தொகையை வரவு வைக்கும். வகுப்பில் சேரும்போது அதிலிருந்து கழியும். அந்த ஆண்டுக்குள் பாவித்து முடிக்கவேண்டும்.

விண்ணப்பத்தோடு ரொறன்ரோவில் வசிப்பதற்கும், குடும்பத்தில் யார் யார் என்பதற்கும், வருமானத்துக்கும் ஆதாரம் காட்டவேண்டும். வந்து சில மாதமே ஆனவரிடம் வருமானவரிக் கடிதம் இருக்காது. பதிலுக்கு எதைக் காட்டலாம் என்று சென்ரரிலேயே கேளுங்கள், அவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. முக்கியமாக, இது முடிவாகச் சில வாரம் பிடிக்கும். பதிவு நாளுக்கு முதல் நாள் விண்ணப்பித்துவிட்டு அடுத்த நாள் காசு வரும் என்று இருந்தால் ஏமாற்றம்தான். வீடு எடுத்து, வாடகைப் பத்திரம் கைக்கு வந்த கிழமையே போட்டுவிடுங்கள்.

அந்த ஏழு மணி

இனித்தான் முக்கியமான பகுதி. வருடத்துக்கு நான்கு பருவம்: குளிர், வசந்தம், கோடை, இலையுதிர். ஒவ்வொரு பருவத்துக்கும் சில வாரங்களுக்கு முன்னரே பதிவு நாள் வரும். நகரத்தை இரண்டு கூறாக்கி இரண்டு நாளில் திறப்பார்கள். வழக்கத்தில் ஸ்காபரோவும் எற்றோபிக்கோ யோர்க்கும் ஒரு நாள், நோர்த் யோர்க்கும் பழைய ரொறன்ரோவும் இன்னொரு நாள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதில்லை, வகுப்பு எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது. திறப்பது காலை 7 மணிக்கு.

7 மணி என்றால் 7 மணிதான். ஏழு பத்துக்கு எழும்பி, தேத்தண்ணி போட்டு, கொம்பியூட்டரைத் திறந்தால் சனிக்கிழமை காலை நீச்சல் வகுப்பு முடிந்திருக்கும். ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசைக்கு ஓடுகிற மாதிரி, இங்கே நகரமே ஒரே நேரத்தில் ஓடுகிறது. நீச்சல்தான் முதலில் நிரம்பும், பிறகு சறுக்கல், கோடை முகாம். சமையல் வகுப்பு, வயலின் வகுப்பு எல்லாம் மத்தியானம் வரைக்கும் கிடைக்கும்.

என் மூத்த மகளுக்கு முதல் தடவை பதிந்தபோது நான் செய்த பிழையைச் சொல்கிறேன். எல்லாம் ஆயத்தம் என்று நினைத்து 6:55க்கு உட்கார்ந்தேன். ஏழு அடித்தது, வகுப்பை அமத்தினேன். "கணக்கில் இந்தப் பிள்ளை இல்லை" என்று வந்தது. கணக்கைத் திறந்தபோது என் பெயரை மட்டும் போட்டிருந்தேன், பிள்ளையைச் சேர்க்கவேயில்லை. பிறந்த திகதி தட்டி, அவசரத் தொடர்பு இலக்கம் தட்டி முடிக்க மணி 7:08. இடம் போய்விட்டது. மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடச் சுட்டது.

ஆகவே பதிவு நாளுக்கு ஒரு கிழமை முன்னரே இவற்றை முடித்துவிடுங்கள். ஒன்லைன் கணக்கைத் திறந்து, வீட்டில் உள்ள எல்லாரையும் பிறந்த திகதியோடு சேருங்கள். வகுப்புகளைத் தேடி, விரும்பியவற்றைக் கணக்கில் உள்ள விருப்பப் பட்டியலில் போடுங்கள். வகுப்பு இலக்கங்களை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள், பிள்ளைக்கு ஒன்றல்ல, மூன்று: முதல் விருப்பம், இரண்டாவது, வேறு சென்ரரில் ஒன்று. கடன் அட்டையைப் பக்கத்தில் வையுங்கள். 6:45க்கு உள்நுழைந்துவிடுங்கள். கைத்தொலைபேசியில் கணவன், கொம்பியூட்டரில் மனைவி என்று ஆளுக்கொரு பிள்ளையைப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள், காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடுங்கள். வகுப்பு தொடங்கும் கிழமையில் பலர் விலகுவார்கள். இடம் வந்தால் மின்னஞ்சல் வரும். அதற்குள் பதில் கொடுக்கவேண்டும் என்று ஒரு கெடு இருக்கும். கெடு தப்பினால் அடுத்தவருக்குப் போய்விடும். என் மகளுக்கு அந்த முறை அப்படித்தான் இடம் கிடைத்தது.

நீச்சல்: இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

எனக்கு நீந்தத் தெரியும், கீரிமலைக் கேணியில் குதித்தவன் நான் என்பவர்களுக்கு ஒரு சொல். ஒன்ராறியோ ஏரி கேணி இல்லை. யூன் மாதத்து வெயிலிலும் அந்தத் தண்ணீர் மூச்சை அடைக்கும். கனடாவின் உயிர்காப்புச் சங்கம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோல் ஒன்று உண்டு: ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழவேண்டும், ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதக்கவேண்டும், பிறகு 50 மீற்றர் நீந்தவேண்டும். பாணி எதுவாகவும் இருக்கலாம். தவறி விழுந்தால் கரைசேர இவ்வளவும் வேண்டும். உங்கள் பிள்ளை இதைச் செய்யும் வரைக்கும் நீச்சல் வகுப்பை நிறுத்தாதீர்கள். கணக்கு ரியூஷனை ஒரு பருவம் பிந்திப் போட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நீங்களும் பெரியவர்களுக்கான வகுப்பில் சேரலாம். நாற்பது வயதில் தடாகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலடிப்பவர்கள் அங்கே நிறையப் பேர், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் நாள் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: நீச்சல் உடை, துவாய், செருப்பு, அப்புறம் ஒரு பூட்டு. பூட்டைத்தான் எல்லாரும் மறப்பார்கள். லொக்கர் இருக்கும், பூட்டு நீங்கள் கொண்டுபோக வேண்டும். பருத்திச் சட்டையோடு, வீட்டுக் காற்சட்டையோடு இறங்கக் கூடாது. முழங்கை, முழங்கால் மூடிய நீச்சல் உடைகள் கடையில் கிடைக்கும், அவற்றை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். இறங்க முதல் ஷவரில் குளிக்கவேண்டும். ஆண்கள் உடைமாற்றும் அறையில் வயதானவர்கள் உடுப்பில்லாமல் நின்று ஹொக்கி பற்றி ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். திடுக்கிடாதீர்கள், அது இங்கே வழமை. உங்களுக்குக் கூச்சமென்றால் கதவுள்ள சிறிய அறைகளும் குடும்ப அறையும் இருக்கும்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியாக விடமாட்டார்கள், பொறுப்பான ஒருவர் கூட வரவேண்டும். சின்னப் பிள்ளையென்றால் நீங்களும் தண்ணீருக்குள் இறங்கி, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கவேண்டும். மேலே கதிரையில் இருந்து போன் பார்ப்பது சரிவராது.

பெண்களுக்கு: சில தடாகங்களில் பெண்களுக்கு மட்டுமான நேரம் உண்டு, அட்டவணையில் தேடுங்கள். 2012இல் திறந்த ரீஜன்ற் பார்க் நீச்சல் நிலையத்தில் அந்த நேரத்துக்கென்றே கண்ணாடிச் சுவர்களை மறைக்கும் திரைகள் வைத்துக் கட்டினார்கள். அந்தப் பகுதி மக்கள் கேட்டதால் வந்த ஏற்பாடு அது. ஸ்காபரோவில் மோர்னிங்சைட் வீதியில் 2015 பான் அமெரிக்கன் விளையாட்டுகளுக்காகக் கட்டிய பெரிய நிலையத்தை நகரசபையும் ரொறன்ரோ பல்கலைக்கழகமும் சேர்ந்து வைத்திருக்கின்றன. சர்வதேசப் போட்டி நடந்த அதே 50 மீற்றர் தடாகத்தில் உங்கள் பிள்ளையும் நீந்தலாம்.

குளிர்காலத்தில் முடிந்து வெளியே வரும்போது தலையை நன்றாகத் துவட்டி, தொப்பி போட்டு வாருங்கள். ஈரத் தலையோடு மறை பதினைந்து பாகையில் பஸ்ஸுக்கு நின்றால் தலைமயிர் குச்சி குச்சியாக விறைக்கும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அம்மாக்களுக்கு இல்லை.

குளிர்காலத்தை வீட்டுக்குள் கழிக்காமல்

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுவரைக்கும் நகரமெங்கும் வெளிச் சறுக்கல் தளங்கள் திறந்திருக்கும், இலவசம். சறுக்குச் சப்பாத்தைப் புதிதாக வாங்கவேண்டாம். பிள்ளையின் கால் வருடா வருடம் வளரும், பழைய பொருட் கடையில் வாங்கி, அலகைத் தீட்டினால் போதும். ஆனால் தலைக்கவசத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். வகுப்புக்குப் போனால் சிஎஸ்ஏ (கனடாவின் தரச்சான்று) முத்திரை உள்ள ஹொக்கித் தலைக்கவசம் கேட்பார்கள், சைக்கிள் தலைக்கவசத்தோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். அட்டவணையில் "ஷின்னி" என்று போட்ட நேரத்தில் போகாதீர்கள், அது ஹொக்கித் தடியோடு ஓடுபவர்களின் நேரம்.

பெப்ரவரி நடுவில் ஒரு நாள் ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும். எல்லாருக்கும் வரும். அன்றைக்கு 506 ஸ்ரீற்கார் எடுத்து அலன் கார்டன்ஸுக்குப் போங்கள். 1910இல் கட்டிய பெரிய கண்ணாடிக் குவிமாடம் அது. இதுவும் நகரசபைப் பூங்காதான், காசில்லை. கதவைத் திறந்ததும் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது, முழுக்கப் புகை படிந்துவிடும். துடைத்துப் போட்டுப் பார்த்தால் வாழை. பனை இல்லாவிட்டாலும் பனைச் சாதி. எல்லாவற்றுக்கும் முதல் மூக்கில் ஏறுவது ஈர மண் வாசம். என் அம்மா முதல் தடவை போனபோது வாழையிலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி காணாது" என்றார். அரை மணித்தியாலம் வாங்கில் இருந்துவிட்டுத்தான் எழும்பினார்.

கோடையும் ஒன்றுகூடலும்

பூங்காவுக்குப் போக அனுமதி ஒன்றும் வேண்டாம். குடும்பமாகப் போய்ப் பாய் விரித்துச் சாப்பிடலாம். ஆனால் 25 பேருக்கு மேல் சேர்ந்தால் பெர்மிட் எடுக்கவேண்டும். எங்கள் ஆட்கள் ஒரு பிறந்தநாளுக்கே நாற்பது பேர், ஊர்ச்சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் என்றால் சொல்லவே வேண்டாம். மோர்னிங்சைட், தொம்சன் மெமோரியல், மில்லிக்கன் பூங்காக்களில் யூலை, ஓகஸ்ற் வார இறுதியில் போய்ப் பாருங்கள். ஒரு மரத்தடியில் ஒடியல் கூழ் கொதிக்கும், அடுத்த மரத்தடியில் சங்கீதக் கதிரை நடக்கும், நடுவில் கிளித்தட்டுக் கோட்டுக்காக இரண்டு மாமாமார் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த இடம் வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். மே மாதத்தில் யோசித்தால் நிழலில்லாத இடம்தான் மிஞ்சும். பெர்மிட் தருவது பூங்கா முழுவதற்கும் இல்லை, இலக்கமிட்ட ஒரு இடத்துக்கு மட்டும்தான். ஒலிபெருக்கி, கூடாரம், காற்றடைத்த துள்ளல் கோட்டை, சாப்பாடு விற்பது எல்லாவற்றையும் விண்ணப்பத்திலேயே சொல்லுங்கள், தனி அனுமதியும் சிலதுக்குக் காப்புறுதியும் கேட்பார்கள். பெர்மிட் தாளை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். உங்கள் இடத்தில் வேறு ஒரு கூட்டம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தாள்தான் பேசும். தணலை மரவேரில் கொட்டாதீர்கள். எல்லாப் பூங்காவிலும் மது அனுமதி இல்லை, குறித்த சிலவற்றில் மட்டும்தான். ஊர்ப் பெரியவர்கள் வந்திருக்கும் இடத்தில் அந்த நுணுக்கம் எதற்கு என்பது என் கருத்து.

கிரிக்கெற், உதைபந்து மைதானங்களும் இப்படித்தான். ஒருவரும் இல்லாதபோது விளையாடலாம், பெர்மிட் உள்ள அணி வந்தால் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டும்.

வீதியில் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று நிலம் இறங்கி, கீழே காடும் ஆறுமாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகர நடுவில் இவ்வளவு காணியை எப்படி விட்டுவைத்தார்கள் என்று எனக்கும் ஆச்சரியம். 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வந்து ஆறுகள் பெருகி, ஒன்ராறியோவில் 81 பேர் செத்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு வீதியில் மட்டும் 35 பேர். அதற்குப் பிறகுதான் வெள்ளம் பாயும் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, காணிகளை வாங்கிப் பூங்காவாக விட்டார்கள். தண்ணீருக்கென்று விட்ட இடம் அது. அதனால் பெருமழை பெய்த அன்றும் மறுநாளும் ஆற்றோர நடைபாதைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். செப்ரெம்பர், ஒக்ரோபரில் போனால் மோர்னிங்சைட் பூங்காவில் ஹைலண்ட் கிறீக்கில் சமன் மீன்கள் எதிர்நீச்சலடித்து ஏறுவதைப் பார்க்கலாம். பார்க்க மட்டும், சட்டிக்கு இல்லை.

ரூஜ் பூங்காவும் பக்கத்தில்தான். ஆனால் 2015இலிருந்து அது மத்திய அரசின் தேசிய நகரப் பூங்கா. அங்கே எதற்கும் அனுமதி கேட்பதென்றால் நகரசபை இல்லை, பார்க்ஸ் கனடா. புல்லுக்குள் நடந்துவிட்டு வந்தால் பிள்ளைகளின் காலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

புளஃபர்ஸ் பார்க் கடற்கரை அழகு. ஏரிதான், ஆனால் எங்கள் ஆட்கள் கடற்கரை என்றுதான் சொல்வோம். மேலே நிற்கும் அந்த மணற்குன்றில் மட்டும் ஏறாதீர்கள், காலடியில் உதிரும். படமெடுக்க ஏறி மாட்டியவர்களைத் தீயணைப்புப் படை கயிறு கட்டி இறக்கியிருக்கிறது. தீவுப் படகுக்கு ரிக்கற்றை ஒன்லைனில் வாங்கிக்கொண்டு போனால் வெயிலில் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். போகும்போது வாங்கிய ரிக்கற்றே திரும்பி வரவும் போதும்.

தோட்டமும் மரமும்

அடுக்குமாடியில் இருப்பவருக்கும் மண் கிடைக்கும். நகரசபை துண்டு துண்டாகத் தோட்டக் காணி ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடுகிறது. காத்திருப்புப் பட்டியல் நீளம், அதனால் இன்றைக்கே பெயர் போடுங்கள். ஊர்க் கத்தரி, மிளகாய், பயித்தங்காய், பாகல் எல்லாம் வரும். ஆனால் மே கடைசிக்கு முதல் கன்றை நிலத்தில் வைக்காதீர்கள். ஏப்ரலில் இரண்டு நாள் வெயிலடித்ததும் கை துருதுருக்கும், மூன்றாம் நாள் உறைபனி வந்து எல்லாவற்றையும் கருக்கும். பூச்சிமருந்து இங்கே ஊர்ப் பாணியில் அடிக்க முடியாது.

வீடு வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் மரத்தின் விட்டம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், உங்கள் காணிக்குள் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. ஒரு நூலால் சுற்றிப் பாருங்கள், 94 செ.மீ. வந்தால் கோடரியைக் கீழே வையுங்கள். வீட்டு முன்புல்லின் தெருவோரப் பகுதி நகரசபையுடையது, அங்கே நிற்பது சின்ன மரமானாலும் தொடக் கூடாது. அங்கே மரம் இல்லாவிட்டால், கேட்டால் இலவசமாக நட்டுத் தருவார்கள்.

பதின்மவயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும்

ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணித்தியாலத் தொண்டு வேலை கட்டாயம். சென்ரர்களிலும் முகாம்களிலும் அதைச் செய்யலாம். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இழுக்காமல் ஒன்பதிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

நீச்சல் வகுப்பை விடாதவர்களுக்கு ஒரு நல்ல பாதை இருக்கிறது. பதின்மூன்று வயதில் வெண்கலப் பதக்க வகுப்பு, அடுத்து வெண்கலச் சிலுவை, முதலுதவியும் முடித்து 15 வயதில் தேசிய உயிர்காப்பாளர் சான்றிதழ். அதோடு நகரசபைத் தடாகத்தில் சம்பள வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கோடை வேலைக்கான விண்ணப்பங்கள் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், யூனில் தேடினால் ஒன்றும் இராது.

ஸ்பொன்சரில் வந்த அப்பா அம்மாவை மறக்காதீர்கள். பகலில் எல்லாரும் வேலைக்குப் போக, நாலு சுவருக்குள் தொலைக்காட்சியோடு இருப்பவர்கள் அவர்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு, பகல் நேரத்தில் அவர்களுக்கென்றே கதிரையில் இருந்து செய்யும் யோகாசனம், தண்ணீருக்குள் உடற்பயிற்சி எல்லாம் நடக்கும். ஸ்காபரோவில் பல தமிழ் முதியோர் சங்கங்கள் சென்ரர் அறைகளில்தான் கூடுகின்றன. முதல் இரண்டு தடவை நீங்கள் கூட்டிப்போய் விடுங்கள். பஸ் எடுக்கப் பழகிவிட்டால் பிறகு உங்களுக்குத் தேத்தண்ணி வைக்கக்கூட வீட்டில் ஆள் இருக்காது.

கடைசியாகச் சின்ன விஷயம். ஊஞ்சல் சங்கிலி அறுந்திருந்தால், மரக்கிளை முறிந்து பாதையில் கிடந்தால், விளக்கு எரியாவிட்டால், 311க்குச் சொல்லுங்கள். பூங்காவின் பெயரைச் சொன்னால் போதும், ஒரு முறைப்பாட்டு இலக்கம் தருவார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர் தொடங்கினால் பூங்காக் கழிப்பறைகளில் பலவற்றைப் பூட்டிவிடுவார்கள், தண்ணீர்க் குழாயும் நின்றுவிடும். பிள்ளைகளோடு பனியில் விளையாடப் போகும்போது பக்கத்தில் எந்த சென்ரர் இருக்கிறது என்று முதலே பார்த்து வையுங்கள். அங்கே கழிப்பறைக்குப் போக அட்டையும் வேண்டாம், பதிவும் வேண்டாம். சப்பாத்தில் உள்ள பனியை வாசல் கம்பளத்தில் தட்டிவிட்டு நேரே உள்ளே போகலாம்.